ரெடி மெஷினா, நாமே பூட்டுவதா? மட்டக்களப்புப் பக்கத்துக்கு ஒரு கணக்கு

கம்பஸ் கிடைத்த பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்துதான் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வந்தாறுமூலையோ ஒலுவிலோ, கிடைத்த இடம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: "கடையில பூட்டி வச்சிருக்கிற மெஷின் ஒண்டு எடுக்கிறதா, பாட்ஸ் வாங்கி நாங்களே பூட்டுறதா? எது லாபம்?"

யூடியூப்பில் இதற்குப் பதில் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருந்து பேசுகிறார்கள், மீதிப்பேர் சென்னையில் இருந்து. பழுதான சாமானை அவர்கள் பக்கத்துத் தெருவில் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாம் பாட்ஸ் தேடிப் போகிற கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமென்றால் ரயிலும் கிடையாது, இரவு பஸ்தான். அதனால் விலையைப் பார்க்கும் முன்பு நான் பார்க்கிறது இதைத்தான்: இது பழுதானால் தூக்கிக்கொண்டு எங்கே போவது? கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துப் போட்ட கணக்கு.

முதலில் ஒரு கொப்பித் தாள்

கடைக்குப் போகும் முன்பு ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். என்ன வேலைக்கு? வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? மொத்தக் காசு எவ்வளவு? மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், யூபிஎஸ் எல்லாம் மூன்றாவது கேள்விக்குள் அடங்கும். கையிலுள்ள முழுக் காசையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டு, பிறகு மொனிட்டருக்குக் கடன் கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

டைப்பிங், எக்செல், சூம் வகுப்பு, உயர்தர ஐசிடி பாடத்துக்கான பைதான், டேட்டாபேஸ் என்றால் ஆறேழு வருடம் பழைய ஐ5 மெஷினே போதும். எட்டு ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்எஸ்டி ஒன்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபோட்டோஷொப், ஓட்டோகேட், கலியாண வீடியோ எடிட்டிங் என்று போனால் பதினாறு ஜிபி வேண்டும், புரொசஸரும் கொஞ்சம் புதிதாக இருக்க வேண்டும். கேம் என்றால் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் கதையில்லை. 'நாமே பூட்டுவதா' என்ற கேள்வி உண்மையில் இந்தக் கடைசி இரண்டு கூட்டத்துக்குத்தான். முதல் கூட்டத்துக்கு அது தேவையில்லாத தலையிடி.

ரூபாய்க் கணக்கு இதில் எழுதவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். எழுதி வைத்த விலைப்பட்டியல் இந்த நாட்டில் அதிக நாள் தாங்காது. பதிலுக்கு, ஒரே நாளில் மூன்று கடையில் எழுத்தில் கொட்டேஷன் எடுங்கள். சொல்லும் விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பில் போடும்போது அதைத் தனியாகக் கூட்டினால் கணக்கு அங்கேயே கவிழும்.

வழி இரண்டல்ல, நான்கு

கேள்வி கேட்கிறவர்கள் இரண்டு வழிதான் இருப்பதாக நினைக்கிறார்கள். நம்முடைய ஊரில் நான்கு இருக்கின்றன: பெட்டி உடைக்காத புது பிராண்டட் மெஷின், கடைக்காரரே புதுப் பாட்ஸ் போட்டுப் பூட்டித் தருவது, வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி இங்கே வந்த பழைய பிராண்டட் மெஷின், நீங்களே பூட்டுவது.

புது பிராண்டட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் செலரோனோ பென்டியமோ இருக்கும். பெயருக்குப் புதுசு. அலுவலகக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கும், கொம்பனி வொரண்டி கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கும் சரி. சொந்தக் காசில் வாங்குகிறவருக்கு அதே காசில் மற்ற மூன்று வழியிலும் இதைவிட நல்லது கிடைக்கும்.

'ஐ7 மெஷின்' என்றால் என்ன?

அந்த மூன்று வழிக்குள் போகும் முன்பு புரொசஸர் பெயரை வாசிக்கப் பழகுங்கள். இது தெரியாமல் போனவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

"ஐ7 மெஷின் தம்பி, மலிவாத் தாறன்" என்பார்கள். 2011இல் வந்த ஐ7-2600உம் ஐ7தான். 2022இல் வந்த ஐ3-12100 அதைச் சாதாரணமாக முந்தும், கரண்டும் குறைவாகக் குடிக்கும். இன்டெல் கொம்பனியின் ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே ஜெனரேஷனுக்குள் யார் பெரியவர் என்றுதான் சொல்லும். வயதைச் சொல்வது அதற்குப் பிறகு வரும் இலக்கம். நான்கு இலக்கமென்றால் முதல் இலக்கம் ஜெனரேஷன்: ஐ5-8500 எட்டாம் ஜெனரேஷன். ஐந்து இலக்கமென்றால் முதல் இரண்டும்: ஐ5-12400 பன்னிரண்டாம் ஜெனரேஷன். கடைசியில் 'எஃப்' எழுத்து நின்றால் அதற்குள் டிஸ்பிளே கொடுக்கும் பகுதி இல்லை, தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் போடாமல் மொனிட்டரில் படமே வராது. மலிவென்று 12100எஃப் வாங்கி வந்துவிட்டு, மதர்போர்ட் பழுது என்று என்னிடம் தூக்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எட்டு என்ற எண்ணை மனதில் பதியுங்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, பொதுவாகச் சொன்னால், இன்டெலில் எட்டாம் ஜெனரேஷனும் அதற்கு மேலும். ஆறாம், ஏழாம் ஜெனரேஷனிலும் சுற்றுவழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் நாளைக்கு ஒரு அப்டேட் வந்து நின்றுபோனால் மைக்ரோசொஃப்டிடம் கேட்க முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவிக்கத் துணிந்தவருக்கு மட்டும் அந்த மெஷின்கள் நல்ல மலிவு.

பழைய பிராண்டட்: முதல் கூட்டத்துக்கு என் பதில்

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் கேட்பவர்களை நான் அநேகமாக இங்கேதான் அனுப்புவேன். இந்த மெஷின்கள் அலுவலகத்தில் நாள்பூராக ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. உள்ளேயிருக்கும் பவர் சப்ளை நம்முடைய சந்தையில் கிடைக்கும் மலிவுச் சாமானைவிட நம்பிக்கையானது. முக்கியமாக, இதில் பழுதாக வேண்டியது அநேகமாக ஏற்கெனவே பழுதாகியிருக்கும். கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ வாங்கினால் திருப்பிக் கொடுக்கப் பதினைந்து நிமிடம், அரை மணித்தியாலம்.

எட்டாம் ஜெனரேஷன் எதில் வரும் என்பதற்கு மொடல் பெயரே சொல்லும். டெல் ஒப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 என்று அறுபதில் முடிபவை. ஐம்பதில் முடிந்தால் ஆறாம் அல்லது ஏழாம். எச்பி புரோடெஸ்க் 600, எலைட்டெஸ்க் 800 இரண்டிலும் 'ஜி4' என்று போட்டிருக்க வேண்டும். லெனோவோ திங்க்சென்டரில் எம்720. ஐ5-8500 உள்ளதாகக் கிடைத்தால் ஆறு கோர், இன்னும் நாலைந்து வருடம் படிப்பு வேலைக்குத் தாங்கும்.

கடையில் அவசரப்படாமல் இந்த வரிசையில் பாருங்கள். பெட்டியைத் திருப்பி லேபலைப் படம் எடுங்கள். டெல் என்றால் அதிலுள்ள சேர்விஸ் டாக் இலக்கத்தை டெல்லின் சப்போர்ட் தளத்தில் அடித்தால், அந்த மெஷின் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாட்ஸோடு எப்போது வெளியே போனது என்று வந்துவிடும். கடைக்காரர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்து மெஷினை நிறுத்திப் போட்டு, விண்டோஸ் ஏறும் முன்பு வரும் செட்டிங் திரையான பயோஸுக்குள் போங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டால் அது பழைய அலுவலகம் போட்டது. கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வேறு மெஷின் கேளுங்கள். "அது மறுகா எடுத்துத் தாறம்" என்றால் எடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஸ்லொட்டில் ரேம் இருக்கிறது என்று அங்கே தெரியும். எட்டு ஜிபி ஒன்றாக இருப்பதைவிட நான்கு நான்காக இரண்டு இருந்தால் படம், வீடியோ சற்று சுறுசுறுப்பாக வரும். ஆனால் பிறகு கூட்ட நினைத்தால் ஒரு ஸ்லொட் வெறுமையாக இருப்பதுதான் வசதி. ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் எஸ்எஸ்டி ஒன்றுக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள், அது இல்லாமல் எந்த மெஷினும் இன்றைக்கு இழுபடும். யூஎஸ்பியில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறு புரோகிராமைக் கொண்டுபோய் ஓட்டினால் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, எவ்வளவு ஆரோக்கியம் என்று காட்டும். எல்லா யூஎஸ்பி துளையிலும் மவுஸைக் குத்திப் பாருங்கள். இருபது நிமிடம் ஏதாவது வீடியோ ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். கடைசியாகப் பின்பக்கம்: பல மெஷின்களில் டிஸ்பிளேபோர்ட் வாய்தான் இருக்கும், உங்கள் மொனிட்டரில் எச்டிஎம்ஐயோ விஜிஏயோ மட்டுமென்றால் மாற்றிக் கொடுக்கும் கேபிளைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வைஃபையும் அநேகமாக உள்ளே இருக்காது. ரௌட்டர் ஹோலில், மெஷின் அறையில் என்றால் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிளோ நீள லான் கேபிளோ அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், பின்னாளில் பெரிதாக்க முடியாது. மெலிந்த பெட்டியென்றால் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே உள்ளே போகும். பவர் சப்ளை 200, 260 வாட் அளவு, கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இராது. ஸ்லொட் வழியாக வரும் 75 வாட்டுக்குள் ஓடுகிற ஜிடிஎக்ஸ் 1650இன் சில வகைகள், ஆர்எக்ஸ் 6400 போன்றவைதான் பொருந்தும். மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தந்தக் கொம்பனியின் சொந்த அளவு. ஒன்று எரிந்தால் சந்தைச் சாமான் பூட்டாது, அதே மொடல் தேட வேண்டும். பிள்ளை இன்றைக்குப் படிப்புக்கென்று கேட்டு நாளைக்கு கேமுக்கு கார்ட் கேட்பான் என்று உங்களுக்குத் தெரிந்தால், மெலிந்த பெட்டியை விட்டுவிட்டு டவர் வகையைக் கேளுங்கள்.

கடைக்காரர் பூட்டித் தருவது

இதில் நல்லதும் இருக்கிறது, கண்கட்டு வித்தையும் இருக்கிறது. பளபளக்கும் கண்ணாடிக் கேசிங், நிறம் மாறும் ஃபேன், உள்ளே எச்61 மதர்போர்டும் 2012இல் வந்த ஐ5-3470உம். போர்ட் புதிதாகச் செய்யப்பட்டிருக்கும், அதனால் 'பிராண்ட் நியூ' என்று சொன்னால் பாதி உண்மை. கூடவே ஒரு ஜிடி 710 கார்டைப் போட்டு கேமிங் மெஷின் என்பார்கள். அந்த கார்டைவிட ஏஎம்டி கொம்பனியின் ரைசன் 5 5600ஜி புரொசஸருக்குள் இருக்கும் டிஸ்பிளே பல மடங்கு பலமானது.

தப்ப ஒரே வழி, கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் இருக்க வேண்டும் என்று நிற்பது. '16 ஜிபி ரேம்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஒன்றா இரண்டா, பழைய வகை டிடிஆர்4ஆ புது வகை டிடிஆர்5ஆ? '500 வாட் பவர் சப்ளை' என்று எழுதியிருந்தால் என்ன பெயர், என்ன மொடல்? கேசிங்கோடு சேர்ந்து வரும் பவர் சப்ளையில் 500 என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அதைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போடச் சொல்லுங்கள், வித்தியாசக் காசைக் கொடுங்கள். முழுப் பெயர் எழுதித் தர முகம் சுளிக்காத கடையில் வாங்கினால், நாமே பூட்டுவதற்கும் இதற்கும் விலையில் பெரிய தூரம் இருக்காது, பழுதானால் ஒரே கதவைத் தட்டினால் போதும்.

நாமே பூட்டுவது எப்போது சரி?

எடிட்டிங் அல்லது கேம். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒவ்வொரு பாகமாக மாற்றுகிற எண்ணம். பழைய மெஷினிலிருந்து கழற்றிய ரேம், எஸ்எஸ்டி, கேசிங் வீட்டில் இருப்பது. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் பூட்டுங்கள். கைப்பழக்கத்துக்காகப் பூட்ட ஆசை என்றாலும் சரிதான், அதைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை.

2025 கடைசியிலிருந்து கணக்கு ஒன்று மாறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியதால் உலகமெங்கும் ரேம் விலை துள்ளியது. மைக்ரோன் கொம்பனி 2025 டிசம்பரில் க்ரூஷியல் என்ற பெயரில் செய்த சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. ரேமைத் தனியாக விலை கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் இதன் அடி நேரடியாக விழும். பதினாறு ஜிபியோடு வரும் பழைய ஒப்டிபிளெக்ஸைப் பார்த்தால், ரேமின் விலையைக் கழித்துவிட்டு மிச்சப் பெட்டி எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். சில நேரம் சிரிப்பு வரும். இதே காரணத்தால் டிடிஆர்4 போர்டுகளுக்கு இன்னும் மவுசு இருக்கிறது. வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

கார்ட் இல்லாமல் தொடங்கிப் பிறகு கூட்ட நினைப்பவருக்கு ரைசன் 5 5600ஜி நல்ல தொடக்கம்: ஆறு கோர், உள்ளேயே டிஸ்பிளே, டிடிஆர்4. அதற்கு எட்டு எட்டாக இரண்டு ரேம். ஒன்றை மட்டும் போட்டால் அந்த டிஸ்பிளே பாதி மூச்சில் ஓடும். பழைய போர்ட் ஸ்டொக் என்றால் பயோஸ் அப்டேட் செய்யப்பட்டதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் புரொசஸரை அது அடையாளமே காணாது. இன்டெல் பக்கம் ஐ5-12400, எச்610 போர்ட்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன். கொழும்பில் மலிவாக எடுத்த ஒன்று மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம் 'டக்' என்று நின்றது. இரவு பஸ்ஸில் கொண்டுபோனேன். டெஸ்ட் பண்ண ஒரு கிழமை வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தேன், மறுகாப் போனேன். பஸ் காசையும் போன நாட்களையும் கூட்டினால் நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்கியிருக்கலாம்.

பில்லின் அடியிலுள்ள சின்ன எழுத்து

வாங்கும் சாமான் எதுவானாலும் பில்லைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். ஒரு வருட வொரண்டி என்று மேலே இருக்கும், அடியில் 350 நாள் என்றோ, வருடத்தில் 14 வேலைநாள் குறைவு என்றோ இருக்கும். எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் வொரண்டி இல்லை என்றும் இருக்கும். கல்லடி, காரைதீவு, நிந்தவூர் என்று கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் அந்தத் 'துரு' என்ற சொல்லில் விரலை வையுங்கள். உப்புக் காற்று மதர்போர்டின் பின்பக்க வாய்களில்தான் முதலில் பூக்கும். மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, காய்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள். பெட்டிகளையும் உள்ளே வந்த பிளாஸ்டிக் மூடிகளையும் வொரண்டி முடியும்வரை எறியாதீர்கள். இன்டெல் போர்டில் புரொசஸர் இடத்தை மூடி வரும் கறுப்பு மூடியைக் கேட்பார்கள்.

பூட்டும் நாள்

மேசை, நல்ல வெளிச்சம், நட்சத்திர முனை ஸ்க்ரூட்ரைவர் ஒன்று. ஃபேனை நிறுத்திவிட்டு, கேசிங்கின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேசிங்குக்குள் போடும் முன்பே வெளியில் வைத்து ஓட்டிப் பாருங்கள், இதுதான் புதியவர்கள் தவறவிடும் படி. மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். புரொசஸரின் மூலையிலுள்ள முக்கோணமும் சொக்கட்டில் உள்ள முக்கோணமும் ஒன்றாக வர வேண்டும். 5600ஜியில் ஊசிகள் புரொசஸரின் அடியில், இன்டெலில் போர்டில். எதிலானாலும் அமர்த்த பலம் தேவைப்பட்டால் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள். ரேமுக்கு மட்டும் பலம் வேண்டும்: இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கும்வரை. நான்கு ஸ்லொட் போர்ட் என்றால் இரண்டாவதும் நான்காவதும். கூலரைப் பூட்டி அதன் ஃபேன் வயரைக் குத்துங்கள். புதுக் கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பூசியிருந்தால் மேலே இன்னொன்று பூசாதீர்கள். 24 பின் வயரையும், புரொசஸருக்கான எட்டு பின் வயரையும் கொடுத்து, மொனிட்டரை இணைத்து, பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு ஊசியை ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். திரையில் எழுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் பழுது எந்த நான்கு பாகத்துக்குள் என்றாவது தெரியும்.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, பின்பக்கத் தகட்டைக் கேசிங்கில் அழுத்தி, பித்தளைக் கால்கள் போர்டின் துளைகளுக்கு நேரே இருக்கின்றனவா என்று பார்த்து, போர்டை இறக்கி ஆணி பூட்டுங்கள். துளையில்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் போர்ட் ஷோர்ட் ஆகும். கார்ட் போட்டிருந்தால் மொனிட்டர் கேபிள் கார்டில்தான், போர்டில் அல்ல. பயோஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை இயக்கினால் ரேம் தன் முழு வேகத்தில் ஓடும்.

வீட்டில் வைக்கும் இடம்

13 அம்பியர் சதுர முள் பிளக்கை நேரே சுவர்ச் சொக்கட்டில் குத்துங்கள். பழைய வீடென்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் செய்கிறவரைக் கூட்டிப் பாருங்கள். கேசிங்கைத் தொடும்போது விறுவிறு என்றால் அதுதான் காரணம். 650 விஏ யூபிஎஸ் ஒன்று கரண்ட் போனால் சேவ் பண்ணி நிறுத்துவதற்குரிய சில நிமிடம் தரும், கேம் விளையாடி முடிக்க அல்ல. ஒக்டோபர், நவம்பர் இடி மின்னல் நாட்களில் யூபிஎஸ் இருக்கிறது என்று இருந்துவிடாமல் பிளக்கைக் கழற்றுங்கள், ரௌட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து. மாரியில் முற்றத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் பகுதியென்றால் கேசிங்கை நிலத்தில் வைக்காதீர்கள்.

பழைய மெஷின்களில் பின்பக்கத்துச் சின்னத் தகடுகள் ஒன்றிரண்டு தொலைந்திருக்கும். அந்தத் துளையை ஒரு அட்டைத் துண்டு வைத்து டேப்பால் மூடிவிடுங்கள். பல்லி உள்ளே போய் பவர் சப்ளையோடு சேர்ந்து எரிந்த மெஷின் ஒன்றை நான் திறந்திருக்கிறேன், அந்த மணம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.